வெறுங்கால் வீரர் தாலிமெரன் ஆவோ

மரக்காணத்து உப்பளங்களை மாலைப் பொழுதில் கண்டோர் இரண்டு காட்சிகளை மறத்தல் அரிது. ஒன்று, சாலையோரத்தே வெயிலில் மின்னும் உப்புக் குவியல்களின் வெண்மை. மற்றொன்று, வேலை முடித்து வரப்புகளின்மீது வரிசையாய்த் திரும்பும் ஆடவர் பெண்டிருடைய பாதங்கள். பருவத் தொடக்கத்தில் பாத்தியின் களிமண்ணை மிதித்து மிதித்து இறுகச் செய்வனவும் அப்பாதங்களே. பின்னர்ப் பல திங்கள் உவர்நீரில் ஊறி வெடிப்பனவும் அப்பாதங்களே. இவ்வளவும் முடிந்த பின்னர், அவர்தம் சிறுவர் கடலோரத்து மணல்வெளியில் பந்தொன்றை உதைத்து ஆடுகின்றனர். அவர்களும் வெறுங்காலரே. அவ்வாட்டத்தைப் பன்முறை நின்று கண்ட யாம், வெறுங்காலால் ஆடி உலகறியப் பெயர் பெற்ற ஒருவரின் வரலாற்றை நம் கல்லூரி நேயர்களுக்குக் கூற விழைந்தோம். அவரே சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்துக் குழுவிற்குத் தலைமை பூண்ட மருத்துவர் தாலிமெரன் ஆவோ ஆவர்.

தமிழ் பயிலும் மாணாக்கர், நாகர் மலையிற் பிறந்த ஒருவரைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் வினவலாம். அவர் ஒரு மிஷன் வளாகத்தில் வளர்ந்தவர். மிஷன் பள்ளியிற் பயின்றவர். ஒரு கிராமத்துப் போதகரின் மைந்தர். ஆதலின் அவர் நமக்கு அயலாரல்லர். மேலும், கல்வி கற்று ஊரைவிட்டு வெளியேறிய இளைஞன் மீண்டும் தன் ஊருக்குக் கடமைப்பட்டவனா என்னும் வினா, நம்முள் ஒவ்வொருவரும் இன்றோ நாளையோ விடையிறுக்க வேண்டியதொன்று. அவ்வினாவிற்கு அவர் தம் வாழ்வையே விடையாக அளித்தார்.

பிறப்பும் இளமையும்

தாலிமெரன் 1918ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 28ஆம் நாள், அக்காலத்து அஸ்ஸாம் மாகாணத்து நாகர் மலை மாவட்டத்தில் சாங்கி என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவ்வூர் இன்று நாகாலாந்து மாநிலத்தின் மொகோக்சுங் மாவட்டத்தில் அடங்கியது. நாகருள்ளே ஆவோ என்னும் பிரிவினர் அவர். தந்தையார் பெயர் சுபோங்வாதி, தாயார் மாவோங்சங்லா. பன்னிரு மக்களுள் தாலிமெரன் நான்காமவர்.

ஆவோ நாகரிடையே கிறிஸ்து மார்க்கம் பரவத் தொடங்கியது 1872ஆம் ஆண்டையொட்டியாகும். அமெரிக்க பாப்டிஸ்து மிஷனைச் சார்ந்த கிளார்க் என்னும் தொண்டர் சமவெளியினின்று மலையேறிச் சென்று அவர்களோடு வாழத் தலைப்பட்டார். 1894ஆம் ஆண்டில் இம்பூர் என்னுமிடம் அம்மிஷனின் நடுவிடமாயிற்று. ஆலயமும் பள்ளியும் மருத்துவச் சாலையும் ஆங்கு ஒருங்கே வளர்ந்தன. சுபோங்வாதியார் அவ்விம்பூர்த் திருச்சபையிற் போதகராகத் தொண்டாற்றியவர். எனவே குடும்பமும் சாங்கியினின்று இம்பூருக்குக் குடிபெயர்ந்தது.

இம்பூர் வளாகத்து விளையாட்டு வெளியே தாலிமெரனுக்கு முதற் பயிற்சிக்களமாயிற்று. விலை கொடுத்து வாங்கிய பந்து மலைச் சிறுவர்க்குக் கிட்டாத பொருள். கந்தைகளைச் சுற்றிக் கட்டிய பந்தே அவர்களது பந்து. அத்தகைய பந்து தரையில் எழும்பித் துள்ளாது. உதைத்த இடத்தினின்று நெடுந்தொலைவு உருளாது. அதனைத் தன்வயமாக வைத்துக்கொண்டு ஓடப் பழகியவன் காலின் நுனியிலே கண்ணை வைத்துப் பழக வேண்டும். இல்லாமையே ஆசிரியனாக நின்று கற்பித்த பாடம் அது. நம் கடற்கரைச் சிறுவரும் இப்பாடத்தை நன்கறிவர்.

1935ஆம் ஆண்டில் அக்குடும்பத்தைப் பேரிடர் ஒன்று தாக்கியது. போதகர் சுபோங்வாதி குடற்காய்ச்சலால் மாண்டார். தாலிமெரனுக்கு அப்போது வயது 17. தம் மகன் மருத்துவனாகித் தம் மக்களுக்குத் தொண்டு செய்தல் வேண்டும் என்பது தந்தையாரின் இறுதி விருப்பம். குடற்காய்ச்சல் தூய்மையற்ற நீராலும் உணவாலும் பரவும் நோய். தூய நீரும், நோயறிந்து உரிய காலத்தில் உதவும் மருத்துவரும் வாய்த்த இடத்தில் அந்நோயாற் சாவோர் மிகச் சிலரே. ஆகவே தந்தையின் அவ்விருப்பம் தம் மகன் உயர்நிலையடைதல் வேண்டும் என்னும் பெற்றோரின் பொது ஆசை மாத்திரமன்று. தம் உயிரைக் கொண்ட நோயே தம் மலைமக்கள் பலரையும் கொள்வதைக் கண்ட ஒரு போதகரின் துயரமும் அதனுள் அடங்கியிருந்தது எனக் கருதுகின்றோம்.

கல்வியும் ஆட்டமும்

இம்பூரிற் படிப்பை முடித்த தாலிமெரன், பிரம்மபுத்திரச் சமவெளியிலுள்ள ஜோர்ஹாட் மிஷன் பள்ளியிற் சேர்ந்தார். பின்னர்க் கௌகாத்தி நகரத்துக் காட்டன் கல்லூரியிற் பயின்றார். 1901ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அக்கல்லூரி, அஸ்ஸாம் நாட்டின் உயர்கல்விக்கு முதல் நிலைக்களமாகும். ஆங்குக் கால்பந்தே அன்றி ஓட்டம், தாண்டல், கைப்பந்து முதலியவற்றிலும் அவர் பெயர் பெற்றார். நகரத்து மகாராணா கழகம் அவரைத் தன் குழுவிற் சேர்த்துக்கொண்டது.

தொடக்கத்தில் அவர் முன்னணியில் நின்று இலக்கடிப்பவராக ஆடினார். பின்னர்த் தமக்குரிய இடம் காவல் வரிசையே எனக் கண்டு அங்கே நிலைகொண்டார். இவ்விடத்து ஆட்டத்தின் அக்கால அமைப்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். அந்நாளில் ஒரு குழுவின் பதினொருவர், இலக்குக் காவலர் ஒருவர், பின்காவலர் இருவர், இடைக்காவலர் மூவர், முன்னணியினர் ஐவர் என்று நான்கு வரிசையாக நிற்பர். இடைக்காவலர் மூவருள் நடுவில் நிற்பவனுக்கே பொறுப்பு மிகுதி. எதிரியின் நடு முன்னணி வீரனை மறித்து நிறுத்துவது அவன் தொழில். மறித்துக் கைப்பற்றிய பந்தைத் தன் முன்னணியினர்க்கு ஏற்றவாறு ஈந்து அனுப்புவதும் அவன் தொழில். அவன் தளர்ந்தால் குழு முழுதும் தளரும். ஆயினும் இலக்கடித்தவனுக்கு எழும் ஆரவாரம் அவனுக்கு எழுவதில்லை. காத்தற்றொழிலின் இயல்பு அது. நேராது தடுக்கப்பட்ட தீங்கை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. இந்நடு இடமே தாலிமெரன் ஆவோவின் இடமாயிற்று.

கல்கத்தா வாழ்வு

1942ஆம் ஆண்டில் அவர் கல்கத்தா மாநகரத்துக் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். அக்கல்லூரியே 1948ஆம் ஆண்டு முதல் ஆர். ஜி. கர் மருத்துவக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. தந்தையின் விருப்பத்தை நிறைவேற்றப் போந்த இளைஞரை அந்நகரத்துப் பந்தாட்ட வெளி தன்பாலும் ஈர்த்தது. 1943ஆம் ஆண்டில் அவர் மோகன் பகான் கழகத்திற் சேர்ந்தார்.

மோகன் பகான் என்பது 1889ஆம் ஆண்டில் தோன்றிய கழகம். 1911ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 29ஆம் நாள், அக்கழகத்தார் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவின் குழுவை வென்று ஐ. எஃப். ஏ. கேடயத்தைக் கைக்கொண்டனர். அக்குழுவிற் பெரும்பாலோர் வெறுங்காலர். எதிர் நின்றோர் காலணி பூண்ட படைவீரர். ஆளப்படுவோர் ஆள்வோரை நேர்மையான ஆட்டத்தில் வென்ற அச்செய்தி நாடெங்கும் பரவியது. அக்கழகத்திற் பின்னர்த் தோன்றிய கோஷ்டா பால் என்னும் காவலரை மக்கள் சீனப் பெருஞ்சுவர் எனப் பட்டமிட்டு அழைத்தனர். இத்தகைய மரபுடைய கழகத்தில் மலைநாட்டு மாணாக்கர் ஒருவர் காவல் வரிசையில் இடம் பெற்றார். சில ஆண்டுகளில் அக்கழகத்திற்கே தலைவருமானார்.

அவ்வாண்டுகள் கல்கத்தாவிற்குக் கொடிய ஆண்டுகள் என்பதை நேயர்கள் மறவாதிருப்பாராக. 1943இல் வங்காளப் பஞ்சம் இலக்கக்கணக்கான உயிர்களைக் கொள்ளை கொண்டது. 1944இல் உலகப் போர் தாலிமெரனின் தாயகமாகிய நாகர் மலைக்கே வந்து கொஹிமா நகரை அழித்தது. 1946 ஆகஸ்டில் மதவெறிக் கலவரத்தால் கல்கத்தாத் தெருக்கள் குருதியில் நனைந்தன. 1947இல் நாடு சுதந்திரமும் பிரிவினையும் ஒருங்கே பெற்றது. இவ்வளவிற்கும் இடையே மருத்துவ நூல்களைக் கற்பதும் மாலையிற் பந்தாடுவதும் ஒருவர்க்கு எளிதாயிருந்திரா. 1943, 1944ஆம் ஆண்டுகளிற் கல்கத்தாக் கழகப் போட்டியிலும், 1947, 1948ஆம் ஆண்டுகளிற் கேடயப் போட்டியிலும் மோகன் பகான் வெற்றி கண்டது. இவை யாவும் அவர் அக்கழகத்தில் ஆடிய காலத்து வெற்றிகள்.

இலண்டன் மாநகரில்

1948ஆம் ஆண்டு இலண்டனில் ஒலிம்பிக் விழா நிகழ்ந்தது. போரின் காரணமாகப் பன்னிரண்டு ஆண்டு தடைப்பட்டிருந்த விழா அது. இந்தியர் 1928, 1932, 1936ஆம் ஆண்டுகளில் வளைகோற் பந்தாட்டத்திற் பொற்பதக்கம் வென்றவரேயாயினும், அந்நாட்களில் அவர் உயர்த்திய கொடி பிறருடையது. மூவண்ணக்கொடி ஒலிம்பிக் களம் புகுந்தது 1948லேயாம். அக்கொடியை ஏந்திச் செல்லும் பேறு கால்பந்துக் குழுவின் தலைவராகிய தாலிமெரன் ஆவோவிற்கு வாய்த்தது. அப்போது அவர்க்கு வயது 30. தொடக்க விழா நடைபெற்ற நாள் சூலை 29. முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் அதே நாளிலேதான் மோகன் பகான் வெறுங்காலர் படைவீரரை வென்றனர் என்பதை எண்ணுகையில் நம் உள்ளம் உவகை கொள்கின்றது. அன்று வங்காளத்து வெளியில் வென்ற கழகத்தின் காவலர், இன்று ஆண்டவர் தலைநகரிலேயே சுதந்திர நாட்டின் கொடியோடு நடந்தார்.

இரு நாட்கள் கழித்து, சூலை 31ஆம் நாள், இலண்டனை அடுத்த இல்ஃபோர்டு என்னுமிடத்தில் இந்தியக் குழு பிரான்சு நாட்டுக் குழுவை எதிர்த்து ஆடியது. இந்தியக் குழுவிற்குப் பயிற்சியளித்தவர் பலாய்தாஸ் சாட்டர்ஜி. இலக்குக் காவலர் வரதராஜ். பின்காவலருள் சைலன் மன்னா புகழ் மிக்கவர். முன்னணியில் மேவாலாலும் அகமது கானும் தன்ராஜும் சாரங்கபாணி ராமனும் விளங்கினர். வரதராஜ், தன்ராஜ், ராமன் ஆகியோர் பெங்களூரினின்று சென்றவர்கள். தென்னாட்டாரும் வங்கத்தாரும் வடபுலத்தாரும் கலந்த குழுவிற்கு நாகர் ஒருவர் தலைவர். ஓராண்டு நிரம்பாத சுதந்திர நாட்டின் உருவம் அக்குழுவிற் காணக்கிடந்தது.

பிரெஞ்சுக்காரர் அனைவரும் காலணி பூண்டிருந்தனர். இந்தியருட் பெரும்பாலோர் வெறுங்காலர், அல்லது துணிக்கட்டு மாத்திரம் சுற்றியவர். பார்த்திருந்த பதினாயிரத்திற்கு மேற்பட்ட மக்கள் முதலில் வியந்தனர். பின்னர் இந்தியர் பந்தை ஒருவர்க்கொருவர் ஈந்து ஆடிய நயத்தைக் கண்டு அவர் பக்கமே சார்ந்தனர். 30ஆம் நிமிடத்திற் பிரான்சு ஓர் இலக்கடித்தது. 70ஆம் நிமிடத்தில் ராமன் அதனைச் சமன் செய்தார். ஒலிம்பிக் ஆட்டத்தில் இந்தியர் அடித்த முதல் இலக்கு அதுவே. ஆட்டம் முடிய ஒரு நிமிடமே எஞ்சியிருக்கையில், 89ஆம் நிமிடத்திற் பிரான்சு மீண்டும் இலக்கடித்து 2க்கு 1 என வென்றது. அவ்வாட்டத்தில் இந்தியர்க்குக் கிடைத்த தண்ட உதைகள் இரண்டும் பயனின்றிக் கழிந்தன. அவற்றுள் ஒன்று இலக்கடைந்திருப்பினும் வரலாறு வேறாயிருக்கும். தோல்வியுற்ற தலைவர் தம் குழுவினருள் எவர்மீதும் பழி சுமத்தியதாக ஒரு செய்தியும் இல்லை.

காலணி அணியாது ஆடுவதேன் என்று ஆங்கிலச் செய்தியாளர் வினவியபோது, ஆட்டத்தின் பெயரிலேயே காலும் பந்தும் மாத்திரம் உள்ளன, காலணிக்கு ஆங்கு இடமில்லை என்னும் பொருள்பட நகைத்து விடையிறுத்தார் தலைவர் ஆவோ என்பர். இச்செய்தி பலரும் அறிந்தது. எனினும் இதனைக் கொண்டு வெறுங்காலே மேன்மை என்று முழங்குவோரோடு யாம் உடன்படுவதற்கில்லை. அந்நகைச்சுவை, இகழ்வாருக்கு முன் தம் குழுவின் மானத்தைக் காத்த ஒரு காவலரின் சொல். காவலர் களத்தில் மாத்திரம் காப்பதில்லை. ஆனால் வெறுங்காலுக்கு ஒரு விலையும் உண்டு. நான்கு ஆண்டு கழித்து, 1952இல் பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கி நகரத்து ஒலிம்பிக்கில், வடபுலத்துக் குளிரிடையே யூகோஸ்லாவியரை எதிர்த்து ஆடிய இந்தியர் 10க்கு 1 எனத் தோற்றனர். அதன் பின்னரே காலணி கட்டாயமாக்கப்பட்டது. உப்பளத்து வரப்பில் வெடித்த பாதத்தோடு நடக்கும் தாய்மாரை நாள்தோறும் காணும் நமக்கு, வெறுங்காலைப் பாடுவது வேறு, வெறுங்காலால் நிற்பது வேறு என்பதை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆடியோரின் திறமையைப் போற்றுவோம், இல்லாமையைப் போற்றோம்.

பிரான்சிடம் தோற்ற பின்னர் அக்குழு ஐரோப்பாவிற் சில இடங்களில் ஆடியது. ஆலந்து நாட்டில் புகழ் பெற்ற அயாக்ஸ் கழகத்தை 5க்கு 1 என்று வென்றது. இலண்டனிலுள்ள ஆர்சனல் கழகத்தார் ஆவோவின் ஆட்டத்தைக் கண்டு, ஓராண்டிற்குத் தம்மிடம் தங்கி ஆடுமாறு அழைத்தனர் என்பது வழங்கிவரும் செய்தி. உலகத்துக் கழகங்களுள் முன்வரிசையில் நிற்பது அது. அந்நாளில் ஓர் இந்தியர்க்கு அத்தகைய அழைப்புக் கிடைத்தல் எண்ணற்கரியது. அவர் மறுத்துத் தாயகம் திரும்பினார். முடிக்க வேண்டிய மருத்துவப் படிப்பு அவர்க்குக் கல்கத்தாவிற் காத்திருந்தது.

மருத்துவப் பணி

இவ்விடத்தில் நம்முள் ஓர் ஐயம் எழுகின்றது. அதனை மறைக்காது உரைப்பதே முறை. இறைவன் ஒருவனுக்கு அருளிய திறமையை அவன் புதைத்து வைத்தல் தகாது என்று திருமறை வாயிலாக நாம் கற்றுள்ளோம். மருத்துவர் ஆகத்தக்கவர் ஆயிரவர் உளர். ஆர்சனல் கழகத்தில் ஆடத்தக்க இந்தியர் அன்று ஒருவரே. அங்ஙனமாயின் அவர் தம் தாலந்தைப் புதைத்தவர் ஆகாரோ? இவ்வையத்தை யாம் நண்பர் சிலரோடு நெடுநேரம் ஆராய்ந்தோம். இறுதியில் யாம் கண்ட விடை இது. மருத்துவர் ஆகத்தக்கவர் ஆயிரவர் உளர் என்பது கல்கத்தாவிலிருந்து நோக்குவோரின் கணக்கு. நாகர் மலையிலிருந்து நோக்கினால், அம்மக்களின் மொழியறிந்து அவர்தம் குடிசையிற் புகுந்து நோய் தீர்க்கவல்லவர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. எவ்விடத்தினின்று எண்ணுகின்றோம் என்பதைப் பொறுத்தே அருமையும் எளிமையும் அமைகின்றன. அவர் தம் தந்தையார் கண்மூடிய இடத்தினின்று எண்ணினார்.

1942இல் தொடங்கிய மருத்துவக் கல்வி 1950இல் நிறைவுற்றது. எட்டாண்டு உழைத்துப் பட்டம் பெற்ற அவர், திப்ரூகர் நகரத்து அஸ்ஸாம் மருத்துவக் கல்லூரியில் காது, மூக்கு, தொண்டை நோய்ப் பகுதியிற் சில காலம் பணியாற்றினார். 1953ஆம் ஆண்டிற் கொஹிமா நகரத்து அரசாங்க மருத்துவமனைக்கு உதவி சிவில் சர்ஜனாகச் சென்றார். போரினால் இடிந்த நகரம் மீண்டும் எழுந்துகொண்டிருந்த காலம் அது. அவ்வாண்டுகளிலேயே நாகர் மலையில் அரசியற் பூசலும் ஆயுதப் போரும் மூண்டன. அமைதியற்ற நாட்டில் மருத்துவன் படும் இடர்ப்பாடு இருமடங்காகும். இரு தரத்தாரும் அவனிடம் வருவர், இரு தரத்தாரும் அவனை ஐயுறுவர். அத்தகைய நாட்டிலேயே அவர் தம் பணியைத் தொடர்ந்து ஆற்றினார்.

1963ஆம் ஆண்டு திசம்பர் முதல் நாள் நாகாலாந்து தனி மாநிலமாயிற்று. புதிய மாநிலத்தின் சுகாதாரத் துறைக்கு இயக்குநராக மருத்துவர் ஆவோ பொறுப்பேற்றார். சாலையற்ற மலையூர்கள் பலவாகிய ஒரு மாநிலத்தில், மருத்துவச் சாலைகளை நடத்துதல், நோய்த் தடுப்பைப் பரப்புதல், மருந்தும் ஆட்களும் உரிய இடத்தை அடையச் செய்தல் ஆகிய அனைத்தும் அப்பதவியின் சுமைகள். இலக்கடிப்போரின் பின்னே நின்று காக்கும் தொழில் அவர்க்குப் புதியதன்று. பந்து வரும் வழியறிந்து முன்சென்று மறிப்பது போலவே, நோய் வரும் வழியறிந்து முன்சென்று மறிப்பது பொதுச் சுகாதாரம் என்னும் துறை. தடுக்கப்பட்ட நோய்க்கும் ஆரவாரம் எழுவதில்லை. அவர் 1978ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார்.

தெய்க்கிம் என்னும் அம்மையாரை மணந்து நான்கு மக்களைப் பெற்று இல்லறம் நடத்திய அவர், 1998ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 13ஆம் நாள் தமது எண்பதாவது வயதில் இறைவனடி சேர்ந்தார். அவர் பயின்ற காட்டன் கல்லூரியின் உள்ளரங்க ஆட்டச்சாலையும், அஸ்ஸாமிற் கலியாபர் என்னுமிடத்து ஆட்டவெளியும் அவர் பெயர் தாங்குகின்றன. வடகிழக்கு மாநிலங்களுக்கிடையே அவர் பெயரால் கால்பந்துப் போட்டியும் நடத்தப்பெற்றதுண்டு. எனினும் தென்னாட்டு மாணாக்கருள் அவர் பெயரைக் கேள்வியுற்றோர் மிகச் சிலரே. நாட்டின் கொடியை முதன்முதல் உலகின்முன் ஏந்தியவரை நாட்டின் பெரும்பகுதி மறந்தது நாணத்தக்கதே.

முடிவுரை

அவர் வாழ்க்கையை முழுதும் நோக்கின், கால்பந்தாட்டத்தில் அவர் செலவிட்ட ஆண்டுகளினும் மருத்துவத்தில் செலவிட்ட ஆண்டுகளே மிகுதி. ஆயினும் உலகம் அவரை அறிவது ஆட்டத்தினாலேயாம். இம்முரண்பாட்டை எண்ணும்போதெல்லாம் மரக்காணத்து உப்பே எம் நினைவிற்கு வருகின்றது. குவியலாய்க் கிடக்கும் உப்பை வழிச்செல்வோர் அனைவரும் காண்பர்; கண்டு வியப்பர். ஆனால் குவியலாய்க் கிடக்கும்வரை அதனால் ஒருவர்க்கும் பயனில்லை. உலையிற் கலந்து உருத்தெரியாது கரைந்தபின்னரே அது உப்பின் தொழிலைச் செய்கின்றது. உண்போர் அதனைக் காணார். ஆயினும் அஃதில்லையேல் அறிவர். மலைப்பிரசங்கத்தில் நம் ஆண்டவர் தம் சீடரை உப்போடு ஒப்பிட்டதன் கருத்தும் இதுவேயன்றோ? இலண்டன் மாநகரத்து ஆட்டவெளியில் ஆவோ அவர்கள் யாவரும் கண்ட வெண்குவியல். கொஹிமா மருத்துவமனையில் அவர் கரைந்த உப்பு.

உப்பளக் கரையூர்களினின்று நம் கல்லூரிக்கு வருவோர் ஆண்டுதோறும் சிலரேனும் உளர். அவர்களை அனுப்புவன வெடித்த பாதங்கள். மழைக்காலத்தில் வெள்ளம் பாத்திகளை மூடி வேலையற்றுப்போம் திங்கள்களிலும், கடன் பெற்றேனும் மகனையோ மகளையோ கல்லூரிக்கு அனுப்புவோர் அவர். படித்து முடித்தோர் நகரங்களுக்குச் செல்கின்றனர், செல்லுதல் குற்றமன்று. தாலிமெரனும் ஜோர்ஹாட்டுக்கும் கௌகாத்திக்கும் கல்கத்தாவிற்கும் இலண்டனுக்கும் சென்றவரே. செல்லாதிருந்தால் அவர் மருத்துவராயிரார். கொடி ஏந்தியும் இரார். சென்றோர் எதனை மனத்திற்கொண்டு சென்றனர் என்பதே வினா. அனைவரும் மருத்துவராதல் இயலாது. அனைவரும் ஊரிலேயே வாழ்தலும் இயலாது. ஆயினும் நாம் பெறும் கல்வியில் ஒரு பகுதியேனும் அவ்வரப்புகளின்மீது நடக்கும் பாதங்களுக்குக் கடன் என்பதை நினைவிற் கொள்ளுதல் இயலும்.

நாளை மாலையும் மணல்வெளியில் அச்சிறுவர் ஆடுவர். அவர்களுள் ஒருவன் முன்னே ஓடி இலக்கடிப்பான், ஏனையோர் ஆர்ப்பரிப்பர். பின்னே தனித்து நின்று காக்கும் சிறுவனை இனி யாம் உற்று நோக்குவோம். தாலிமெரன் ஆவோவின் வரலாற்றை அவனுக்குச் சொல்லுவதாகவும் முடிவு செய்துள்ளோம். நேயர்களும் தத்தம் ஊர்ச் சிறுவர்க்குச் சொல்லுவாராக.